வராந்தா பிளக்

அந்த வரைபட அலுவலகம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். நாள்காட்டி மாட்டுவதற்கே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய காலத்துக் கல் சுவர், ஒரு முழம் கனம். முன்னறையில் இன்டர்நெட் பெட்டி இருந்தது. பின்னறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் படம் வரைந்தார்கள். நடுவில் இருந்த சுவர்களைத் தாண்டிப் போவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கிவிடும். புதிதாக வயர் இழுக்கலாம் என்றால் துளை போட வேண்டும். துளை என்ற சொல்லைக் கேட்டாலே சொந்தக்காரருக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்படிப்பட்ட இடங்கள்தான் சிக்னலுக்குச் சோறு போட்டன. சிக்னல் என்பது அவனுடைய பட்டப்பெயர். வீட்டுக்குள் நுழைந்ததும் "வாங்க, உக்காருங்க" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காமல், கையிலிருக்கும் கருவியைப் பார்த்து "இங்க சிக்னல் எப்படி?" என்று கேட்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஏற்கெனவே சுவருக்குள் ஓடுகிற கரண்ட் வயரிலேயே இன்டர்நெட்டையும் ஏற்றி அனுப்புவதுதான் அவன் தொழில். முன்னறை பிளக்கில் கைக்கு அடக்கமாக ஒரு டப்பா, பின்னறை பிளக்கில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. விளக்கெரிக்கப் போகிற கரண்டோடு தகவலும் தொற்றிக்கொண்டு போய்விடும். "பஸ் போற ரோட்டுலயே சைக்கிளும் போகுதில்ல, அவ்வளவுதான்" என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்குவான். அவன் கொடுக்கிற கார்டில் இரண்டே வரிகள் இருந்தன: சுவரைத் தொடமாட்டோம். இணைப்பை விடமாட்டோம். அது அவன் மனைவி எழுதிக் கொடுத்தது. ஃபோன் எடுப்பது, நாள் குறிப்பது, நினைவூட்டுவது எல்லாம் அவள்தான்.

வரைபட அலுவலகத்தில் டப்பாக்களை மாட்டிய நாளில் அவன் ஒரு சோம்பேறித்தனம் செய்தான். பின்னறையின் சுவர் பிளக் ஓர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரி நிறைய பழைய வரைபடச் சுருள்கள். நகர்த்த வேண்டுமென்றால் அத்தனையையும் வெளியே எடுத்து அடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பிளக்கிலிருந்து ஏற்கெனவே ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வெளியே வந்து மேசைக்கடியில் கிடந்தது. டப்பாவை நேரே சுவரில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷனில் செருகக் கூடாது என்பதை அவனே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறான். அதிலும் இது மின்னல் வந்தால் தடுக்கிற வகை. மின்னலையே தடுக்கிறது சிக்னலை மட்டும் சும்மா விடுமா? பாதியை அதுவே விழுங்கிவிடும். இருந்தும் செருகிப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. வேகம் சுமார்தான், பாதகமில்லை. "ஓடுதுல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுந்தான்.

எழுந்தபோது வாசலில் துப்புரவு அக்கா நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவள் தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து வேக்குவம் மெஷினை இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போவாள். அவனைப் பார்த்து, "தம்பி, முழங்கால் பூரா தூசி. இந்தா, இதால தொடச்சுக்கோ" என்று ஒரு துணியை நீட்டினாள். "மேசைக்கடியில என் கை எட்டறதில்ல, அதான்" என்று தன்மீதே குற்றம் சொல்லிச் சிரித்தாள்.

புகார் பத்தே நாளில் வந்தது. அன்றன்று வரைந்ததை மாலை ஐந்தரைக்குள் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். சரியாக அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. பத்து நிமிடம், கால் மணி கழித்துத் தானாக வந்தது. அவன் இரண்டு முறை போய்ப் பார்த்தான். காலையில் போனான், எல்லாம் ஒழுங்காக இருந்தது. டப்பாவை அணைத்துப் போட்டான், ஜோடி சேர்த்தான், "இனிமே வராது" என்றான். வந்தது. ஒருநாள் திருத்திய படம் போய்ச் சேராமல், பழைய படத்தை வைத்து ஒரு தூணை எழுப்பிவிட்டார்கள். மறுநாள் அதை இடிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் முறை அவனை வரச் சொன்னது மாலை நாலே முக்காலுக்கு. அலுவலகத் தலைவியை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். குரலை உயர்த்தாமலே ஆளைக் கூனிக் குறுக வைக்கத் தெரிந்தவர். பின்னறையின் நடுவே, எட்டுப் பேர் பார்க்க, அவனை நிற்க வைத்துக் கேட்டார்.

"உங்க டப்பா சரியில்லையா, இல்ல எங்க ராசி சரியில்லையா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுப் போங்க."

அவன் மடிக்கணினியைத் திறந்து டப்பாவின் குறிப்புகளைப் பார்த்தான். ஐந்து பன்னிரண்டு. ஐந்து பத்து. ஐந்து பதினாலு. எப்போது அறுந்தது என்பதுதான் அதில் இருந்தது. ஏன் என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாது.

"தினமும் அஞ்சு பத்துக்குப் பக்கமாத்தான் கட் ஆகுது மேடம்."

வரைவாளர்களில் ஒருவன் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். அவனை ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அஞ்சு பத்தா? அது அக்கா வர்ற நேரமாச்சே. அக்காவைக் கண்டா இன்டர்நெட்டே பயந்து ஓடுதுபோல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மேடம் சிரிக்கவில்லை. சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நரம்பில்லாத நாக்கு அதைச் சொன்னது.

"அதேதான் மேடம். மெஷினைச் செருக இடமில்லாம டப்பாவைப் பிடுங்கறாங்க. வேலை முடிஞ்சதும் திரும்பச் செருகறாங்க. இதுல அப்படித்தான் காட்டுது."

அது அப்படி எதையும் காட்டவில்லை. அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்ன உடனே அறையில் ஒரு நிம்மதி பரவியது. டப்பா தப்பித்தது, ராசி தப்பித்தது, அவனும் தப்பித்தான். எல்லாருடைய கண்களும் வாசல் பக்கம் போயின. அக்கா கையில் வாளியோடு அங்கேதான் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனித்திருக்கவில்லை.

"நானா?" என்றாள். பெரிய மேடத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "தம்பி, நான் அந்த டப்பாவத் தொட்டதே இல்லியே. அலமாரிப் பக்கமே போறதில்ல. மெஷினை வராந்தா பிளக்குலதான் போடுவேன். அங்கேருந்தே ரூம் பூரா வயர் எட்டும்."

வராந்தா பிளக்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவன் மண்டைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டது. வேக்குவம் மெஷினின் மோட்டார் சுழலும்போது உள்ளே பொறி பறக்கும். அந்தப் பொறி வயர் முழுக்கக் கூச்சலாகப் பரவும். வராந்தாவும் பின்னறையும் ஒரே லைன். நேரே சுவரில் செருகியிருந்தால் டப்பா அந்தக் கூச்சலைச் சமாளித்திருக்கும். எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே பாதியை விழுங்கிவிட, மிச்சத்தை மெஷின் அமுக்கியது. அவன் கண் தன்னையறியாமல் மேசைக்கடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. தப்பு அக்காவுடையது இல்லை. மெஷினுடையதுகூட இல்லை. ஒரு அலமாரியை நகர்த்தச் சோம்பல்பட்டவனுடையது.

வாயைத் திறந்தான். எட்டுப் பேர் பார்த்தார்கள். பெரிய மேடத்தின் ஒரு புருவம் உயர்ந்தது.

"தெரியாமக்கூட கை பட்டிருக்கலாம்கா" என்றான்.

விட்டுக்கொடுத்துப் பேசுகிற மாதிரி, மென்மையாகச் சொன்னான். ஆணி அதில்தான் முழுசாக இறங்கியது. அக்கா வாளியைக் கீழே வைத்தாள், பிறகு எதற்கு வைத்தோம் என்று தெரியாதவள்போல மறுபடி எடுத்துக்கொண்டாள்.

பெரிய மேடம் துப்புரவு கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அடுத்த திங்கட்கிழமை வேறோர் ஆள் வந்தான். அன்று மாலை ஐந்து பதினொன்றுக்கு இணைப்பு அறுந்தது. புது ஆளும் பிடுங்குகிறான் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

சிக்னல் அந்தச் சனிக்கிழமை பகலில், யாருமில்லாத நேரமாகப் பார்த்துச் சாவி வாங்கிக்கொண்டு போனான். அலமாரியைத் திறந்து நூற்றுக்கணக்கான சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினான். கால் அலமாரியிலும் முதுகு சுவரிலுமாக முட்டுக்கொடுத்து நகர்த்தினான். டப்பாவை நேரே சுவரில் செருகினான். வராந்தா பிளக்கில் மெஷினின் கூச்சலை வடிகட்டுகிற ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினான். பிறகு மெஷினை ஓடவிட்டு, வேகத்தைப் பார்த்தான். வேகம் காட்டும் ஊசி இறங்கவில்லை. நாலு மணி நேர வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். பலன் இன்னோர் இடத்துக்குப் போனதுதான் இதில் கொடுமை. இரண்டு மாதம் ஒரு நொடிகூட அறுபடாமல் இணைப்பு ஓடியதைப் பார்த்துப் பெரிய மேடம் அவனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். 'பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்துத் தீர்த்தவர்' என்று அதில் எழுதியிருந்தது. அவன் மனைவி அதற்குச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினாள். தினமும் செருப்பு மாட்டும்போது அது அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவன் குனிந்தபடியே வெளியே போகப் பழகிக்கொண்டான்.

அக்காவைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

பெரிய மேடத்தின் தம்பி பல் டாக்டர். பழைய மாடி வீடு ஒன்றைக் கிளினிக்காக மாற்றியிருந்தார். மாடியில் எடுக்கிற எக்ஸ்ரே படம் கீழே நோயாளி வாயைத் திறந்து படுத்திருக்கும் அறைக்கு உடனே வர வேண்டும். சுவரெல்லாம் புதிதாக ஓடு பதித்தாகிவிட்டது, உடைக்க மனமில்லை. பெரிய மேடம் சொல்லித் தம்பி கூப்பிட்டார். சிக்னல் ஒரு காலை வேளையில் கருவியோடு போய்ச் சேர்ந்தான்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவனை அறை அறையாகக் கூட்டிப் போய் பிளக்குகளைக் காட்டினாள். தரை கண்ணாடிபோலப் பளபளத்தது. ஜன்னல் கம்பியில்கூடத் தூசி இல்லை. ஆனால் ஒவ்வொரு பிளக்கைச் சுற்றியும் ஒரு சாண் அகலத்துக்குத் தூசி அப்பிக் கிடந்தது. அதன் நேர்கீழே தரையிலும் ஓர் அரைவட்டம். மாடியிலும் அப்படி, கீழேயும் அப்படி. யாரோ காம்பஸ் வைத்து வரைந்துவிட்டு உள்ளே கால் வைக்காதே என்று சொன்னதுபோல இருந்தது.

"அதைப் பாக்காதீங்க" என்றாள் அந்தப் பெண், சங்கடத்தோடு. "எங்க துப்புரவு அக்கா மத்தபடி தங்கம். ஆனா பிளக் இருக்கிற இடத்துக்கு மட்டும் கிட்டவே போகமாட்டாங்க. வேக்குவம் மெஷினும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, துடைப்பம்தான். ஷாக் அடிச்சிருக்கும்போல, பாவம். எவ்வளவு சொல்லியும் கேக்கமாட்டேங்கறாங்க. டாக்டரே ரெண்டு தடவை திட்டிட்டாரு."

அவனுக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே துப்புரவு கம்பெனி. அங்கிருந்து எடுத்தவளை இங்கே போட்டிருக்கிறார்கள்.

அவள் பின்கட்டில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வந்தது பயம். கை மாப்பை விட்டது.

"வாங்க சார்" என்றாள். தம்பி போய் சார் வந்திருந்தது. "இங்கயும் டப்பா மாட்டப் போறீங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப முன்னாடியே சொல்லிடுங்க. நான் இன்னிக்கே கம்பெனியில சொல்லி வேற இடம் கேட்டுக்கறேன். நீங்க மாட்டற இடத்துல நான் வேணாம். அது எப்ப நின்னாலும் என் தலையிலதான் விடியும்."

"அப்படியெல்லாம் இல்லக்கா. அன்னிக்கு... ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு."

"சின்னதா? யாருக்கு சார்?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். வரவேற்புப் பெண் உள்ளே போயிருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றான்.

அவன் அக்கம்பக்கம் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அன்னிக்கு ஒம்பது பேர் முன்னாடி சத்தமா சொன்னீங்க. மன்னிப்பு மட்டும் எதுக்கு சார் கொல்லைப் பக்கமா வருது?" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கம்பெனிக்காரங்க ஒரு தாளை நீட்டினாங்க. கவனக்குறைவா நான்தான் பிடுங்கினேன்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போட்டா வேற இடம், போடலைன்னா வீட்டுக்குப் போன்னாங்க. போட்டேன். வீட்டுல பொண்ணு அதை எடுத்துப் படிச்சிட்டா. 'தெரியாமப் பண்ணிட்டியாம்மா?'ன்னு கேட்டா. நீங்க கேட்ட மாதிரியே கேட்டா சார். நான் இல்லடின்னேன். அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டேன்னா. என்ன சொல்றது? இப்பவும் வீட்டுல எதாவது சாமான் உடைஞ்சா, அவ ஒரு பார்வை பார்க்கறா."

மாப்பை எடுத்துக்கொண்டு அவனைச் சுற்றி, தள்ளியே நடந்து போனாள்.

அளவெடுக்காமலே திரும்பிவிட்டான். டாக்டரிடம், "இன்னொரு கருவி வேணும், ரெண்டு நாள்ல வர்றேன்" என்று ஒரு பொய். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுப்பது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டான்.

மாலையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னான். பாதியில் நிறுத்தினால் தொடர முடியாது என்று தோன்றியதால் மூச்சு விடாமல் சொன்னான். அவள் கை ஒரு சட்டையை மூன்று முறை பிரித்து மூன்று முறை மடித்தது.

"அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டது நான்" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் படிச்சுக் காட்டினேன். 'வேரைக் கண்டுபிடிச்சார்'னு. வேரே நீ முதல் நாள் போட்டதுதான். அதுமேல ஒரு பொம்பளையைத் தூக்கி வச்சு மூடிட்ட." எழுந்து போய்க் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். "சுவரைத் தொடமாட்டோம்னு கார்டு வேற அடிச்சு வச்சிருக்கேன். சுவரைத் தொட்டிருந்தா பூசிடலாம்."

"நாளைக்குப் போய் அங்கே சொல்லிடறேன்."

"யாரும் இல்லாத நேரமாப் பார்த்துப் போயிடாதே" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு, எட்டுப் பேரும் இருக்கும்போது போனான். பெரிய மேடம் தன் அறைக்கு வரச் சொன்னார். "இல்ல மேடம், இங்கயே சொல்லணும்" என்று பின்னறையில் நின்றான். எக்ஸ்டென்ஷனைச் சொன்னான். மெஷினின் கூச்சலைச் சொன்னான். சனிக்கிழமை அலமாரியை நகர்த்தியதைச் சொன்னான். "அக்கா டப்பாவைத் தொடவே இல்ல. தப்பு என்னோடது. அது எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சது" என்று முடித்தான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மூழ்குகிறவன் கையில் கிடைத்த துரும்பு.

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஸ்கேல் திரையைப் பார்த்தபடி ஒரே கோட்டை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. பெரிய மேடம்தான் கேட்டார்.

"இதை இப்ப ஏன் வந்து சொல்றீங்க?"

"அவங்க பேர்ல ஒரு தாள் இருக்கு மேடம். அதை நீங்க எழுதித்தான் மாத்த முடியும்."

"ஃபோன் பண்ணி அவங்களை வேண்டாம்னு சொன்னது நான்" என்றார் பெரிய மேடம். அது அவனிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. பிறகு முகம் இறுகியது. "கடிதம் எழுதித் தர்றேன். அதோட நம்ம பழக்கம் போதும். டப்பாவை வேற ஆள் பார்த்துப்பாங்க."

கடிதம் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனான். டாக்டரிடம் முன்பே ஃபோனில் விஷயத்தைச் சொல்லியிருந்தான். டாக்டர் கையுறையோடு வெளியே வந்து நின்றார். வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள். காத்திருந்த இரண்டு நோயாளிகளில் ஒருவர் கன்னம் வீங்கியவர், மற்றவர் வாயில் பஞ்சு வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்; இருவருக்கும் பேச முடியாவிட்டாலும் காது கேட்டது. அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் கடிதத்தை நீட்டினான்.

"நீங்களே படிங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தான். "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தவறான புரிதலின் விளைவாக, தங்கள்மீது கூறப்பட்ட கவனக்குறைவு ஆதாரமற்றது எனத் தெரியவந்துள்ளது. இதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பஞ்சு கடித்தவர் தலையாட்டினார், நல்ல கடிதம் என்பதுபோல.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "தொழில்நுட்பக் காரணம்னு ஒருத்தர் அங்க வேலை பார்த்தாரா? நான் பார்த்ததே இல்லியே. இதுல நீங்க எங்க இருக்கீங்க சார்?"

"தப்பு என்னோடதுதான்கா. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எனக்கே அது அப்புறமாத்தான்..."

"வேண்டாம்" என்றாள் அவள்.

அவன் நிறுத்தினான்.

"வராந்தா பிளக்குன்னு நான் சொன்னேன். சொன்ன உடனே உங்க முகம் மாறிச்சு. கண்ணு மேசைக்கடியில போச்சு. போயிட்டுத் திரும்பி வந்து, 'தெரியாமக்கூட கை பட்டிருக்கலாம்கா'ன்னு சொன்னீங்க. நான் வேற யாரையும் பார்க்கல சார். உங்களைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். வேலை தெரிஞ்சவராச்சே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு."

இத்தனை நாளும் அவன் மனைவியிடம் சொன்னதிலும், எட்டுப் பேரிடம் சொன்னதிலும், தனக்குத் தானே சொல்லிக்கொண்டதிலும் கவனமாகத் தாண்டிப் போன இடம் அதுதான். மனைவியிடம்கூட, "சந்தேகம் வந்துச்சு" என்றுதான் சொல்லியிருந்தான். அதைத் தன்னைத் தவிர யாரும் அறியமாட்டார்கள் என்று நம்பியிருந்தான். ஆனால் அவள் அன்று மாலையிலிருந்தே அறிந்திருந்தாள். தன் நாணயம் இத்தனை நாளும் அவள் கண்ணில் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது, தோலை உரித்துவிட்டு வெயிலில் நிறுத்தியதுபோல இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பேனாவை எடுத்தான். கடிதத்தின் அடியில், பெரிய மேடத்தின் கையெழுத்துக்குக் கீழே எழுதினான். எழுத்து பள்ளிப்பிள்ளையின் எழுத்தாக வந்தது. எழுதியதைச் சத்தமாகப் படித்தான்.

"இவர் டப்பாவைத் தொடவில்லை. பிடுங்கினார் என்று பொய் சொன்னது நான். அது பொய் என்று அந்த அறையில் நிற்கும்போதே எனக்குத் தெரியும்."

கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஈரமான மையின்மீது ஒருமுறை ஊதினாள். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வரவேற்புப் பெண்ணிடம், "இதை ரெண்டு காப்பி எடுத்துக் குடும்மா. ஒண்ணு கம்பெனிக்கு" என்றாள்.

டாக்டர் கம்பெனியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பிறகு அவனைக் காட்டி, அவளிடமே கேட்டார். "இந்த வேலையை இவர்கிட்டக் குடுக்கலாமா, வேற ஆளைப் பார்க்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

"வேலை சுத்தமாச் செய்வாரு சார்" என்றாள் அக்கா. "வாய்தான்."

கன்னம் வீங்கியவருக்குச் சிரிப்பு வந்து, வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிக்னல் தலையைக் குனிந்தபடி கருவிப் பையின் வாரைத் தோளில் ஏற்றினான்.

"நில்லுங்க சார்" என்றாள். இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள். மணி போவது அவனுக்கும் கேட்டது. எடுத்ததும், "கண்ணு, வேலையா இருக்கியா? ஒருத்தர் பேசறாரு, கேளு" என்று சொல்லிவிட்டு ஃபோனை அவன் பக்கம் நீட்டினாள்.

ஒன்பது பேர் முன்னாடி சொன்னதும், ஐந்து பேர் முன்னாடி எழுதியதும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. ஃபோன் அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹலோ, யாருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

தான் யார் என்பதைச் சொன்னான். செய்ததைச் சொன்னான். இந்த முறை எதையும் தாண்டவில்லை. எக்ஸ்டென்ஷனிலிருந்து ஆரம்பித்து, வராந்தா பிளக் என்ற சொல்லைக் கேட்டதும் தனக்கு என்ன புரிந்தது, புரிந்த பிறகு என்ன சொன்னேன் என்பது வரை சொன்னான். "உங்கம்மா உங்ககிட்டச் சொன்னதுதான் உண்மை" என்றான்.

லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மாகிட்டக் குடுங்க" என்றது குரல், உடைந்துபோய்.

கொடுத்தான். அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முதுகைக் காட்டி, பின்கட்டுப் பக்கம் நடந்தாள். "அழாதடி, என்னத்துக்கு இப்ப அழறே" என்பது மட்டும் கேட்டது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் பஞ்சு கடித்தவரை உள்ளே கூட்டிப் போனார். சிக்னல் மாடிப்படியின் கீழே, போவதா இருப்பதா என்று தெரியாமல் பையோடு நின்றான். வரவேற்புப் பெண் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. பையோடு மாடிக்கு ஏறி, முதல் பிளக்கின் மூடியைக் கழற்ற ஆரம்பிக்க அவனுக்கு அரை மணி நேரம் பிடித்தது.